அண்டை நாட்டுக் கடற்படைகளோடு வேலை செய்யும் அதிகாரி ஆவது எப்படி

2008 நவம்பர் 18 அன்று ஏடன் வளைகுடாவில் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். தபார் ஒரு கலத்தை நிற்கச் சொன்னது. கொள்ளையரின் தாய்க்கப்பல் என்று அது கருதப்பட்டது. தளத்தில் ஆயுதம் ஏந்திய ஆட்கள் தெரிந்தார்கள், பதிலுக்கு மிரட்டல் வந்தது, தபார் சுட்டது, கலம் எரிந்து மூழ்கியது. அது கடத்தப்பட்டிருந்த ‘ஏகாவத் நாவா 5’ என்ற தாய்லாந்து மீன்பிடிக் கலம் என்பதும், உள்ளே மீனவர்கள் இருந்தார்கள் என்பதும் பின்னால்தான் வெளியே வந்தது. ஒரு கம்போடிய மாலுமி பல நாள் கடலில் மிதந்து உயிர் பிழைத்தார். கடத்தல் எச்சரிக்கை அந்தக் கடலில் இருந்த பன்னாட்டுக் கூட்டணிக்குப் போயிருந்தது. இந்தியா அப்போது அந்தக் கூட்டணியில் சேராமல் தனியே ரோந்து போய்க்கொண்டிருந்தது.

கப்பலுக்கும் பீரங்கிக்கும் அன்று குறைவில்லை. ஒரு தகவல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நேரத்தில் போய்ச் சேர்வதுதான் வட்டாரக் கடல் பாதுகாப்பின் பாதி வேலை. அந்த மேசையில் உட்காரும் அதிகாரியாக எப்படி ஆவது, உட்கார்ந்த பிறகு என்ன செய்வது, எங்கே சறுக்கும் என்பதை இந்தியக் கடற்படையை வைத்துச் சொல்கிறது இந்தக் கையேடு.

உள்ளே நுழைவது

வழிகள் பல இருந்தாலும் முக்கியமானவை மூன்று. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கு நடத்தும் என்.டி.ஏ. தேர்வை எழுதலாம். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். கணிதத் தாள் 300 மதிப்பெண், பொதுத்திறன் தாள் 600, நேர்முகம் 900. இரண்டாவது, ஜே.இ.இ. மெயின் தரவரிசையை வைத்துக் கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாதெமியில் நான்காண்டு பி.டெக். சேர்வது. பிளஸ் டூவில் அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். மூன்றாவது, பொறியியல் பட்டத்தோடு யூ.பி.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் படைத் தேர்வான சி.டி.எஸ். குறுகிய காலப் பணிக்குப் பட்ட மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. என்.டி.ஏ.வின் கதவு 2021 முதல் பெண்களுக்கும் திறந்திருக்கிறது.

எந்த வழியில் போனாலும் படைப்பணித் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் தேர்வைத் தாண்ட வேண்டும். சொல் தேர்வில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. சூழ்நிலைத் தேர்வில் 60 கேள்விக்கு 30 நிமிடம். பயிற்சி மையங்கள் மனப்பாட விடைகளை விற்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டாம். எழுத்தில் ஒரு ஆளும், மைதானத்தில் ஒரு ஆளும், நேர்முகத்தில் இன்னொரு ஆளுமாகத் தெரிந்தால் மூன்று மதிப்பீட்டாளர்களும் கடைசி நாள் ஒன்றாக உட்காரும்போது குட்டு உடைந்துவிடும். நிறப்பார்வையை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் எதிர்க் கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பிரித்தறிய முடியாதவர் கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் நிற்க முடியாது. இதைப் படிப்பு முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துகொண்டு நொந்துபோகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

முதல் பத்தாண்டு

எழிமலைக்குப் பிறகு கொச்சியில் முதல் பயிற்சிப் படைப்பிரிவின் கப்பல்களில் கடல் பயிற்சி. சப் லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், அதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500. இரண்டு ஆண்டில் லெப்டினன்ட், ஆறில் லெப்டினன்ட் கமாண்டர், பதின்மூன்றில் கமாண்டர். இதுவரை காலம் தன் போக்கில் மேலே ஏற்றிவிடும். கேப்டன் பதவிக்குத் தேர்வு வாரியம் உட்காரும். அங்கேதான் சல்லடை.

கப்பலை நடத்தும் எக்சிக்யூட்டிவ் கிளையில் இருப்பவருக்கு முதல் இலக்கு வாட்ச்கீப்பிங் சான்று. தனியாகப் பிரிட்ஜில் நின்று கப்பலை நடத்தத் தகுதி உண்டு என்று கப்பல் தலைவரும் வாரியமும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகளில் 15, 16, 17 மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். குறுக்கே வரும் கப்பல், வழிவிட வேண்டிய கப்பல், தன் வழியில் நிற்க வேண்டிய கப்பல் என்று போகும் அவை. மலாக்கா நீரிணையிலும் சிங்கப்பூர் நீரிணையிலும் ஒரே நேரத்தில் பத்துக் கலங்கள் இந்த மூன்று விதிக்குள்ளும் வந்து நிற்கும்.

அடுத்து ஏறக்குறைய ஓராண்டு ‘லாங் கோர்ஸ்’. பீரங்கியும் ஏவுகணையும், நீர்மூழ்கி எதிர்ப்பு, வழிசெலுத்தல், தகவல் தொடர்பு ஆகியவற்றில் ஒன்றில் நிபுணர் ஆக்கும் படிப்பு அது. வட்டார ஒத்துழைப்பில் பிற்பாடு வேலை செய்ய நினைப்பவருக்கு எங்கள் பரிந்துரை வழிசெலுத்தல் அல்லது தகவல் தொடர்பு. இரண்டு நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து ஓடும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை ‘நீ எங்கே இருக்கிறாய்’, ‘நான் சொன்னது கேட்டதா’ என்ற இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். கடலடி ஆழத்தை அளந்து வரைபடமாக்கும் நீரளவியல் இன்னொரு நல்ல வாசல். அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பதை இந்தியா நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அந்த வாசல் எவ்வளவு எளிதில் சாத்தப்படும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இதற்கிடையில் மொழி ஒன்று. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளி இருக்கிறது. பஹாசா இந்தோனேசியா, பர்மியம், சிங்களம் எல்லாம் அங்கே கற்கலாம். எல்லோரும் பிரெஞ்சுக்கும் ரஷ்யனுக்கும் போவார்கள். நீங்கள் பஹாசாவுக்குப் போங்கள். எழுத்து ரோமன், இலக்கணம் எளிது, மலேசியாவிலும் செல்லுபடியாகும். தமிழ் தெரிந்த அதிகாரிக்குப் பாக் நீரிணையில் ஒரு சலுகை பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. கப்பல்களின் பொது அழைப்பு வானொலியான பதினாறாம் சேனலில் தமிழில் பேசினால் ராமேசுவரத்து விசைப்படகும் யாழ்ப்பாணத்துப் படகும் இரண்டும் புரிந்துகொள்ளும்.

வெலிங்டன்

நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். முப்படை அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஏறக்குறைய ஓராண்டு சேர்ந்து படிக்கிறார்கள். முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைக்கிறது. பட்டம் கிடக்கட்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இலங்கை அல்லது வங்கதேச லெப்டினன்ட் கமாண்டர் இன்னும் பன்னிரண்டு ஆண்டில் அங்கே செயற்பாட்டுப் பிரிவின் இயக்குநராக இருப்பார். நள்ளிரவில் போன் போட்டால் எடுக்கும் உறவு இங்கேதான் உண்டாகிறது.

ஆகவே வெலிங்டனில் செய்ய வேண்டியது எளிது. வெளிநாட்டு அதிகாரி வந்த முதல் மாதத்தில் அவர் குடும்பத்துக்கு வீடு, பள்ளி, காஸ் இணைப்பு விஷயத்தில் கைகொடுங்கள். அவருடைய நாட்டுக் கடற்படையின் பதவி வரிசையையும், அங்கே கடலோரக் காவல் படை யாருக்குக் கீழே வருகிறது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் மட்டும் கடலில் அதிகாரம் செலுத்தும் அமைப்புகள் பல. கடற்படையின் நண்பரிடம் சொன்ன சேதி பக்கத்து அமைப்புக்குப் போகும் என்று நம்பக்கூடாது.

இந்தப் பணியை எப்போது ஏற்பது

கடல் தகவலை நாடுகள் பகிர்ந்துகொள்ளும் இந்தியப் பெருங்கடல் தகவல் இணைவு மையம் குருகிராமில் 2018 டிசம்பரில் தொடங்கியது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் இணைப்பதிகாரிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் சாங்கியில் உள்ள தகவல் இணைவு மையம் 2009 முதல் இயங்குகிறது. அங்கே இந்தியாவும் அதிகாரி அனுப்புகிறது. இவை தவிரத் தூதரகங்களில் பாதுகாப்பு இணையாளர் பதவி, டெல்லித் தலைமையகத்தில் வெளிநாட்டு ஒத்துழைப்பு இயக்ககம், அந்தமான் நிக்கோபார் கூட்டுப் படைத்தளத்தின் செயற்பாட்டு மேசைகள்.

பதவி உயர்வு வாரியம் முதலில் பார்ப்பது கடலில் கப்பல் நடத்திய காலத்தைத்தான். இணைப்பதிகாரியாக இரண்டு மூன்று ஆண்டு கரையில் உட்கார்ந்தால் கமாண்டராகக் கப்பல் தலைமை ஏற்கும் வாய்ப்பு நழுவக்கூடும். ஆகவே ஒரு கப்பல் தலைமையை முடித்த கையோடு இந்தப் பணியைக் கேளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். சிறு விரைவுத் தாக்குதல் கலத்தின் தலைமை லெப்டினன்ட் கமாண்டருக்கே கிடைக்கும். லெப்டினன்ட் கமாண்டர் பிரேர்ணா தேவ்ஸ்தலி 2023 டிசம்பரில் ஐ.என்.எஸ். திரிங்கட்டின் தலைமைக்கு நியமிக்கப்பட்டபோது போர்க்கப்பல் ஒன்றுக்குத் தலைமை ஏற்கும் முதல் இந்தியப் பெண் அதிகாரி ஆனார். கப்பல் தலைமை கையில் இருந்தால் இணைப்புப் பணி சுமையாகாது. மேல் மட்டத்தில் எதிர்த்தரப்பும் உங்களை மதிக்கும். கடலில் கப்பல் நடத்தாதவர் சொல்லும் யோசனையை எந்த நாட்டு அதிகாரியும் பாதி காதில்தான் கேட்பார்.

இந்த ஏற்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை. ஒத்துழைப்பு முக்கியம் என்று மேடையில் பேசிவிட்டு, வாரியத்தில் கடல் நாட்களை மட்டும் எண்ணினால் நல்லவர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்குவார்கள். ஆனால் விதி மாறும் வரை விதியை அறிந்து நடப்பதே புத்தி.

மேசையில் உட்கார்ந்த முதல் வாரம்: ஒரு கப்பலைச் சரிபார்ப்பது

இணைவு மையத்தில் அன்றாடம் ஓடுவது வணிகக் கப்பல் தகவல். 300 டன்னுக்கு மேற்பட்டு நாடு கடந்து ஓடும் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்க வேண்டும். அது கப்பலின் பெயர், அடையாள எண், இடம், வேகம் ஆகியவற்றை வி.எச்.எஃப். என்ற குறுந்தூர வானொலி அலையில் ஒலிபரப்பும். திரையில் தெரிவதை அப்படியே நம்பி அண்டை நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்பினால் இரண்டாவது முறை உங்கள் எச்சரிக்கையை யாரும் திறக்க மாட்டார்கள். அனுப்பும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

ஏ.ஐ.எஸ். காட்டும் அடையாள எண்ணான எம்.எம்.எஸ்.ஐ. ஒன்பது இலக்கம். கப்பல்களுக்கு முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். இந்தியா 419, இலங்கை 417, வங்கதேசம் 405, மாலத்தீவு 455, மியான்மர் 506, இந்தோனேசியா 525, மலேசியா 533, தாய்லாந்து 567. கொடி ஒரு நாடாகவும் எண் இன்னொரு நாடாகவும் இருந்தால் முதல் சந்தேகம் தப்பாகப் பதிந்த கருவி மேல்தான் விழ வேண்டும். கப்பல் கைமாறும்போது பழைய எண்ணை மாற்ற மறப்பது சர்வ சாதாரணம்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஐ.எம்.ஓ. எண் ஏழு இலக்கம். கப்பல் எத்தனை முறை கைமாறினாலும் அந்த எண் மாறாது. அதற்குள்ளேயே ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். 9074729 என்ற எண்ணுக்கு 63, 0, 35, 16, 21, 4 சேர்ந்து 139. கடைசி இலக்கம் 9. எண் சரி. ஒத்துப்போகாவிட்டால் தட்டச்சுப் பிழை அல்லது போலி. அரை நிமிட வேலை இது, மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

கப்பல் திரையிலிருந்து மறைந்தால் உடனே ‘ஒளிந்துகொண்டது’ என்று எழுதாதீர்கள். கரைக் கோபுரத்தின் வீச்சைத் தாண்டியிருக்கலாம், துணைக்கோள் அந்த நேரத்தில் மேலே இல்லாதிருக்கலாம், கொள்ளை அச்சத்தால் தலைவரே கருவியை நிறுத்தியிருக்கலாம். அதே இடத்தில் பக்கத்துக் கப்பல்கள் தெரிந்துகொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தெரிந்து இது மட்டும் தெரியாவிட்டால் வட்டம் போடுங்கள். கடைசி வேகம் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்), ஆறு மணி நேரம் ஆயிற்று என்றால் 72 கடல் மைல் ஆரம். வட்டம் எந்த நாட்டின் பகுதிக்குள் போகிறதோ அந்த நாட்டின் இணைப்பதிகாரியின் மேசைக்கு நடந்து போங்கள். மின்னஞ்சல் பிறகு.

செய்தியை எழுதுவது

கடலில் எல்லாம் உலக நேரம். இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி முன்னே, மாலத்தீவு ஐந்து, வங்கதேசம் ஆறு, மியான்மர் ஆறரை, தாய்லாந்தும் மேற்கு இந்தோனேசியாவும் ஏழு, மலேசியாவும் சிங்கப்பூரும் எட்டு. வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடப்பதற்குள் கடிகாரம் சில தடவை மாறும். ‘காலை ஆறு மணிக்குச் சந்திப்போம்’ என்று எழுதியவர் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் தனியாக நின்ற கதை பல கப்பல்களில் உண்டு. நேரத்தோடு உலக நேரத்தைக் குறிக்கும் ஸூலு (Z) என்ற எழுத்தைச் சேர்க்காத செய்தியைத் திருப்பி அனுப்புங்கள்.

இடக் குறிப்பில் இன்னும் பெரிய குழி. 8 பாகை 30 நிமிடம் என்பது தசமத்தில் 8.5 பாகை. அதை யாரோ 8.30 பாகை என்று படித்துவிட்டால் 0.2 பாகை பிசகு. அட்சரேகையில் அது 12 கடல் மைல். ஒரு நாட்டின் ஆட்சிக்கடல் எல்லையும் அதே 12 கடல் மைல் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி இடம் மாறினால் திறந்த கடலில் நடந்தது அண்டை நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் நடந்ததாகிவிடும். ஆகவே வடிவத்தை முன்பே ஒப்புக்கொண்டு, செய்தியின் தலைப்பிலேயே அதை எழுதுங்கள். வரைபடத்தின் அடிப்படை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவுமுறைதானா என்றும் பாருங்கள். பழைய வரைபடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகல் வரும்.

அடுத்து நம்பகம். மூலத்துக்கு ஏ முதல் எஃப் வரை, தகவலுக்கு 1 முதல் 6 வரை மதிப்பிடும் பழைய அட்மிரல்டி முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. மூலம் நல்லதாக இருந்து தகவல் உறுதியாகாததாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் ‘நம்பகமானது’ என்று குழைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை ரகசிய முத்திரை. ஒரு தாளில் எட்டுப் பத்தி வெளிப்படையான சரக்காக இருந்து ஒரு வரி மட்டும் ரகசிய உணரியிலிருந்து வந்திருந்தாலும் முழுத் தாளும் பூட்டுக்குள் போகிறது. அனுமதி வாங்கி வருவதற்குள் கப்பல் வேறு துறைமுகத்தில் நிற்கும். இதற்கு ஒரே வழி, எழுதும்போதே தாளின் குறுக்கே கோடு போடுவது. கோட்டுக்கு மேலே எப்படித் தெரிந்தது என்பது, கோட்டுக்குக் கீழே என்ன தெரிந்தது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது. கீழ்ப்பகுதி தனியாகக் கிழித்துக் கொடுக்கத் தக்கதாக இருக்க வேண்டும். எழுதிய பிறகு பிரிக்க உட்கார்ந்தால் பிரியாது.

சட்டம்: மூன்று கேள்வி

சம்பவம் வந்ததும் கேட்க வேண்டியது: எங்கே நடந்தது, எத்தனைக் கலம், எதற்காக. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101ஆவது பிரிவுப்படி, ஆட்சிக்கடலுக்கு வெளியே, ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்தின் மீது, தனி நலனுக்காகச் செய்யும் வன்முறைதான் கடற்கொள்ளை. அது கடற்கொள்ளை என்றால் 105ஆவது பிரிவு எந்த நாட்டுப் போர்க்கப்பலுக்கும் பிடிக்கும் உரிமை தருகிறது. அதே செயல் 12 கடல் மைலுக்குள் நடந்தால் ‘கப்பல் மீதான ஆயுதக் கொள்ளை’. கரையோர நாட்டுக்கு மட்டுமே அதிகாரம். சிங்கப்பூர் நீரிணை முழுவதுமே குறுகல், ஆகவே அங்கே இரவில் பின்பக்கமாக ஏறி எஞ்சின் உதிரிபாகம் திருடுவோர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் விழுவார்கள்.

விரட்டிப் பிடிக்கும் உரிமை 111ஆவது பிரிவில். காணவோ கேட்கவோ கூடிய தூரத்தில் நிற்கச் சொல்லிச் சைகை கொடுத்த பிறகே விரட்டல் தொடங்கலாம். இடையில் விட்டுவிட்டால் மறுபடி தொடர முடியாது. ஓடுகிற கலம் தன் நாட்டின் அல்லது மூன்றாம் நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் நுழைந்த கணமே விரட்டல் முடிந்தது. இதைக் கொள்ளையர்கள் அதிகாரிகளைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மலாக்காவில் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் 2004 ஜூலையில் ஒருங்கிணைந்த ரோந்து தொடங்கின. ஒவ்வொரு நாடும் தன் கடலில் மட்டும். எல்லை தாண்டி விரட்டக் கூடாது. 2005 செப்டம்பரில் ‘வானில் கண்கள்’ என்ற விமான ரோந்து வந்தது. கலப்பு அணி ஏறிய விமானம் மற்ற நாட்டின் கடல் மேலும் பறக்கலாம், ஆனால் நிலத்திலிருந்து 3 கடல் மைலுக்குள் போகக் கூடாது. கப்பலுக்குக் கொடுக்காத அனுமதியை விமானத்துக்குக் கொடுத்தார்கள். விமானம் பார்க்கும், கைது செய்யாது, ஆகவே இறையாண்மைக்குப் பங்கம் இல்லை. லண்டன் காப்பீட்டாளர்கள் 2005 ஜூனில் அந்த நீரிணையைப் போர் ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2006 ஆகஸ்டில் நீக்கினார்கள். தாய்லாந்து 2008இல் சேர்ந்தது. அதே காலத்தில் உருவான, ஆசியக் கடற்கொள்ளைக்கு எதிரான ரீகாப் உடன்படிக்கையில் மலேசியாவும் இந்தோனேசியாவும் இன்று வரை சேரவில்லை. இந்தியா அதில் உறுப்பினர், தொடர்பு முனையாக இருப்பது கடலோரக் காவல் படை. கடற்படை மேசையில் உட்காரும் அதிகாரி இதை மறந்தால் சேதியைத் தப்பான வாசலில் தட்டிக்கொண்டிருப்பார்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வழக்கு நடத்த உள்நாட்டுச் சட்டம் இல்லாததால் பிடித்தவர்களைக் கரையிலேயே விட்டுவிட்ட காலம் பல கடற்படைகளுக்கும் உண்டு. இந்தியா 2022இல் தனிக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா, கடத்தப்பட்டிருந்த எம்.வி. ரூயென் கப்பலை ஏறக்குறைய 40 மணி நேரம் சுற்றி வளைத்தது. சி-17 விமானத்திலிருந்து கடற்படைச் சிறப்புப் படையான மார்க்கோஸ் வீரர்கள் குதித்தார்கள். 17 மாலுமிகள் காயமின்றி மீண்டார்கள், சரணடைந்த 35 பேர் மும்பைக்கு வந்து வழக்கை எதிர்கொண்டார்கள். இப்படிக் கப்பலில் ஏறும் குழுவில் கைப்பற்றிய பொருளுக்கு நேரம், இடம், எடுத்தவர் பெயர் எழுதிப் படமெடுக்கும் ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நீதிமன்றத்தில் துப்பாக்கி பேசாது, அந்தச் சீட்டுதான் பேசும்.

ஒருங்கிணைந்த ரோந்தைத் திட்டமிடுவது

இந்தோனேசியாவோடு 2002 முதல், தாய்லாந்தோடு 2005 முதல், மியான்மரோடு 2013 முதல், வங்கதேசத்தோடு 2018 முதல் இந்தியா எல்லைக் கோட்டை ஒட்டி ஒருங்கிணைந்த ரோந்து நடத்துகிறது. இந்தோனேசிய எல்லைக் கோடு 236 கடல் மைல் நீளம். இரண்டு கப்பலும் தத்தம் பக்கத்திலேயே ஓடும், மேலே ரோந்து விமானம், தொடக்கமும் முடிவும் துறைமுகத்தில்.

திட்டமிடும்போது முதலில் பெரிய நாட்காட்டியை விரியுங்கள். எதிர்நாட்டின் நோன்பு, புத்தாண்டு, தேர்தல், பதவி மாற்றக் காலம் எல்லாவற்றையும் குறித்துவிட்டுப் பிறகு தேதி கேளுங்கள். கப்பல் துறைமுகம் நுழையத் தூதரக வழி அனுமதி வேண்டும். கப்பலின் பெயர் மாறினால் அந்தத் தாள் முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும், ஆகவே மாற்றுக் கப்பலின் பெயரையும் முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

தொடர்புத் திட்டத்தில் மூன்று அடுக்கு வையுங்கள். வி.எச்.எஃப். பதினாறில் அழைத்து வேறு சேனலுக்கு மாறுவது ஒன்று. தொலைதூர வானொலியான எச்.எஃப். இரண்டு. துணைக்கோள் போனும் சாதாரண மின்னஞ்சலும் மூன்று. மூன்றையும் துறைமுகத்திலேயே, இரண்டு கப்பலும் கட்டி நிற்கும்போதே சோதியுங்கள். கடலில் போய்ச் சோதித்தால் முதல் நாள் முழுக்க ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று போய்விடும். சங்கேத முறை இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருக்காது. சர்வதேசக் குறிக்கொடி முறை எல்லோரிடமும் உண்டு. கே என்றால் பேச விரும்புகிறேன், எல் என்றால் உடனே நில். 2014இல் சீனாவின் சிங்தாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட எதிர்பாராச் சந்திப்பு விதித் தொகுப்பும் கைகொடுக்கும், அது கட்டாயமில்லை என்றாலும்.

பயிற்சியின் பட்டியலில் நடன நிகழ்ச்சியும் கிரிக்கெட்டும் இருக்கட்டும், ஒரு முழு நாளைத் தேடல் மீட்புக்கு ஒதுக்குங்கள். காணாமல் போன படகை எந்தப் பக்கத்து மீட்பு மையம் பொறுப்பேற்கும், பொறுப்பைக் கைமாற்றும் சொற்கள் என்ன என்று ஒத்திகை பார்த்துவிட்டால் அது நாளைக்கே உதவும். உயிர் காக்கும் வேலைக்கு எந்த நாட்டு அரசியலும் குறுக்கே வராது என்பதால் மற்ற ஒத்துழைப்பு முடங்கிய காலத்திலும் இந்தக் கம்பி மட்டும் அறுவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. கோவாவில் கடற்படைப் போர்க் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்குச் சோழா என்று பெயர். போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. தமிழ் அதிகாரிக்கு ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு நாக்கு நுனியில் நிற்கும். சுமத்ராவிலிருந்து வந்த விருந்தாளியிடம் விருந்து மேசையில் அதைத் தொடங்க வேண்டாம். அன்று தாக்கப்பட்ட ஸ்ரீவிஜயம் அவருடைய பாட்டன் வீடு.

அரசு மாறும்போது

மாலத்தீவோடு 2019இல் கையெழுத்தான நீரளவியல் ஒப்பந்தத்தை அந்நாட்டின் புதிய அரசு 2023 டிசம்பரில் புதுப்பிக்க மறுத்தது. அங்கிருந்த இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் விலகிக் குடிமைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். இலங்கை 2024ஆம் ஆண்டு முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை விதித்தது. கடலடியின் ஆழம் மீனவருக்கும் வேண்டும், நீர்மூழ்கிக்கும் வேண்டும், அதனால்தான் முதலில் அடிபடுவது அளவைப் பணி. இதற்கு அதிகாரி செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடுத்த தரவின் முழுப் பிரதியை அந்நாட்டிடம் அன்றே கொடுத்து, அவர்களுடைய ஆட்களைக் கப்பலில் ஏற்றி, வரைபடத்தை அவர்கள் பெயரில் வெளியிட ஏற்பாடு செய்வது. உரிமை அவர்களுடையது என்று கண்ணுக்குத் தெரிந்தால் எதிர்ப்பவர் வாய்க்குத் தீனி குறையும். 2025 ஏப்ரலில் ஐ.என்.எஸ். சுனைனா ஒன்பது நட்பு நாடுகளின் 44 பேரைத் தன் குழுவோடு சேர்த்துக் கார்வாரிலிருந்து புறப்பட்டதில் இந்த எண்ணம் இருந்தது.

பாக் நீரிணை தனிக் கதை. 1974, 1976 ஒப்பந்தங்களின் எல்லைக் கோடு இரண்டு கரைக்கும் மிக அருகில் ஓடுகிறது. மீனவர் பிரச்சினையின் வேர் இழுவை வலை, வாழ்வாதாரம், நீதிமன்றம், தேர்தல் என்று கரையில் படர்ந்திருக்கிறது. கடற்படையால் அதைத் தீர்க்க முடியாது, அதிகாரி தீர்க்க முயலவும் கூடாது. அவர் கையில் இருப்பது, ஆண்டுதோறும் எல்லைக் கோட்டருகே கப்பலில் நடக்கும் இருநாட்டுக் கூட்டமும் அன்றாடத் தொலைபேசியும்தான். எஞ்சின் பழுதாகி மிதந்து போன படகையும் வேண்டுமென்றே கடந்த படகையும் முதல் மணி நேரத்திலேயே பிரித்துச் சொன்னால் எத்தனையோ கைதுகள் தவிரும். இதற்குப் படகின் பதிவு எண், புறப்பட்ட இறங்குதுறை, எஞ்சின் நின்ற நேரம், காற்றின் திசை என்று நான்கு விவரம் போதும். காற்றும் நீரோட்டமும் படகு கிடந்த இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று எதிர்த்தரப்பும் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பொறுப்பை ஒப்படைப்பது

இரண்டு மூன்று ஆண்டில் மாற்றல் வரும். கோப்புகளைப் பட்டியல் போட்டு ஒப்படைப்பது வழக்கம். அதோடு இன்னொரு தாள் எழுதுங்கள்: ஒவ்வொரு நாட்டிலும் சேதிக்குப் பதில் உண்மையில் யாரிடமிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எந்தச் சொல்லைப் பார்த்தால் அந்த அலுவலகம் தயங்குகிறது, கடைசியாக எப்போது எந்த எண்ணைச் சோதித்தோம். பிறகு புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இணைப்பதிகாரியின் மேசையிலும் ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார வையுங்கள். அந்த வாரத்துக்குள் நடக்கும் அடுத்த தொலைபேசிச் சோதனையைப் புதியவரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.